பரங்கியும் சாம்பல் பூசணியும்: பறிக்கும் பக்குவமும் வைக்கும் இடமும்

வேலியில் படர்ந்த பரங்கிக்கொடியும் கூரையில் ஏறிய சாம்பல் பூசணிக்கொடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இரண்டின் காய்களையும் ஒரே அடையாளம் பார்த்துப் பறித்து, ஒரே மூலையில் அடுக்கிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சில வாரங்கள் கழிந்ததும் பரங்கி அடிப்பக்கம் கசிந்து நாறத் தொடங்க, பக்கத்தில் இருக்கும் சாம்பல் பூசணி எதுவும் நடவாததுபோல் கிடக்கும். உடனே பழி இடத்தின்மேல் விழுகிறது: தரை ஈரம், காற்றோட்டம் போதவில்லை, பரணில் ஏற்றியிருக்கலாம். இடத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஒரு காய் எத்தனை நாள் தாங்கும் என்பதில் பெரும்பகுதி, கொடியிலிருந்து அதை அறுக்கும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே பறிப்பில் உள்ள மாற்று வழிகளை முதலில் எடைபோட்டுவிட்டு, வைக்கும் இடத்துக்குப் பிறகு வருவதே முறை.

இங்கே பரங்கி என்று சொல்வது மஞ்சள் பூசணியை. கொங்குப் பகுதியில் அதுவே அரசாணிக்காய். சாம்பல் பூசணி என்பது வெண்பூசணி, தென்மாவட்டங்களில் தடியங்காய்.

பிஞ்சிலேயே பறிப்பதா, முற்றவிடுவதா?

சமையலறையின் கணக்கும் சேமிப்பின் கணக்கும் இந்த இடத்தில் நேர் எதிரானவை. பரங்கிப் பிஞ்சைத் தோலோடும் விதையோடும் நறுக்கிப் பொரியல் செய்யலாம். பால் கூட்டுக்கும் அதுவே ஏற்றது. பிஞ்சுகளை அவ்வப்போது பறித்துக்கொண்டே இருந்தால் கொடியும் புதுப் பெண்பூக்களை விட்டுக்கொண்டே இருக்கும். நான்கைந்து காய்களை முற்றவிட்டாலோ, கொடியின் உணவெல்லாம் அவற்றுக்கே போய், பின்னால் வரும் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிரும். எனவே எண்ணிக்கை வேண்டுவோர் பிஞ்சாகப் பறிக்க வேண்டும். சில மாதங்களுக்குக் காய் இருப்பில் வேண்டுவோர் எண்ணிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே கொடியில் இரண்டையும் முழுமையாகப் பெற முடியாது என்பதால், நாலைந்து குழி போட்டிருப்பவர்கள் ஒரு குழியைப் பிஞ்சுக்கும் மற்றவற்றை முற்றலுக்கும் ஒதுக்குவது நல்ல ஏற்பாடு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அளவில் முழுமை அடைந்து, தோல் இன்னும் இறுகாத காய் பார்வைக்கு முற்றியதுபோலவே இருக்கும். பிஞ்சின் மென்மையும் அதில் இருக்காது, முற்றலின் இனிப்பும் வந்திருக்காது, வைத்தாலும் தங்காது. சந்தையில் விலை ஏறும் நாட்களில் இத்தகைய காய்கள் நிறைய வந்து இறங்கும். ஆயுதபூஜையை ஒட்டிக் குவியும் சாம்பல் பூசணியிலும் இதே நிலைதான். உடைபடப்போகிற காய்க்கு முற்றல் பார்ப்பார் யாரும் இல்லை. பூஜை முடிந்த மறுநாள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கி இருப்பு வைப்பது எனக்கு உகந்த யோசனையாகத் தோன்றவில்லை.

முற்றியதை எதைக் கொண்டு அறிவது?

நாள் கணக்கு, நிறம், ஓசை, நகக்குறி, காம்பு என்று ஐந்து சோதனைகள் வழக்கத்தில் உள்ளன. ஐந்தும் ஒரே தரத்தவை அல்ல.

பூ மலர்ந்து பிஞ்சு பிடித்ததிலிருந்து பரங்கி முற்ற ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். நாள் கணக்கின் குறை, ஒவ்வொரு பிஞ்சும் எந்த நாளில் பிடித்தது என்று யாரும் குறித்துவைப்பதில்லை என்பதுதான். விதைத்த நாளிலிருந்து எண்ணுவது இன்னும் தளர்வானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 பரங்கிக்கு மொத்த வயது 175 நாட்கள், கோ 2 இரகத்துக்கு 135 நாட்கள் என்பதால், இரகம் தெரியாமல் எண்ணும் கணக்கு ஒரு மாதத்துக்கு மேலும் பிசகக்கூடும். எப்போதிலிருந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்ல நாள் கணக்கு உதவும். அதற்குமேல் அதை நம்பக் கூடாது.

நிறம் ஓரளவு நம்பத்தக்கது. நம் நாட்டுப் பரங்கியின் பச்சைத் தோல் மெல்ல வெளுத்து, காவி கலந்த மஞ்சளாகி, மேலே மெல்லிய மாவு பூத்ததுபோல் ஆகும், பளபளப்பு போய்விடும். இந்தப் பளபளப்புப் போவதுதான் நிறமாற்றத்தைவிட உறுதியான அறிகுறி, ஏனென்றால் சில இரகங்களில் முற்றிய பிறகும் பச்சைத் திட்டுகள் மறையாமல் நிற்கும். காயைச் சற்றே புரட்டி, தரையில் படிந்திருந்த வட்டத்தையும் பார்க்க வேண்டும்: இளங்காயில் அது வெளிறிய வெள்ளையாக இருக்கும், முற்றிய காயில் அடர்மஞ்சளாக மாறியிருக்கும். தட்டிப் பார்க்கும் ஓசைச் சோதனையை நான் பெரிதாக மதிப்பதில்லை. முற்றிய காய் கூடாக ஒலிக்கும் என்பது மெய்தான் என்றாலும், சதைப்பற்று மிகுந்த இரகமும் உள்கூடு பெரிதான இரகமும் ஒரே பக்குவத்தில் வேறு வேறாக ஒலிக்கும். பல ஆண்டுகள் ஒரே இரகத்தைப் பயிரிட்டவர் காதுக்கு அது பயன்படும், புதியவருக்குப் பயன்படாது.

நகக்குறி சோதனை துல்லியமானது. ஆனால் சோதிக்கப்பட்ட காயையே அது கெடுக்கிறது. நகம் பதியாத தோல் முற்றிய தோல் என்பதில் ஐயமில்லை. பதிந்துவிட்டாலோ, அந்தப் பிறைவடிவக் கீறல் வழியே பூசணம் உள்ளே போக வழி கிடைத்துவிடுகிறது. நாலு பேர் நகம் பதித்த காயைச் சந்தையில் வாங்கி வைத்திருப்பவர்கள், அழுகல் பெரும்பாலும் அந்தக் கீறல்களில் தொடங்குவதைப் பார்க்கலாம். கட்டாயம் சோதித்தே ஆக வேண்டும் என்றால், உடனே சமைக்கப்போகும் காயில் மட்டும் செய்வது நல்லது.

பரங்கியைப் பொறுத்தவரை காம்புதான் தீர்ப்புச் சொல்லும் இடம். இளங்காயின் காம்பு பச்சையாக, சாறு நிறைந்து, ஐந்து விளிம்புகளும் சுணையோடு கூர்மையாக இருக்கும். கத்தி பட்டால் நீர் சொட்டும். முற்ற முற்ற அந்த விளிம்புகளின் இடையே வெளிர்பழுப்புக் கோடுகள் ஓடி, தக்கை போன்ற பட்டை படர்ந்து, காயோடு சேரும் அடிப்பகுதி விரிந்து கட்டைபோல் இறுகும். காயினுள் நீரும் சத்தும் போய்க்கொண்டிருந்த பாதை அடைபடுகிறது என்பதே இதன் பொருள். பாதை அடைந்தபின் அறுப்பதால் காய்க்கு இழப்பு ஒன்றுமில்லை. காம்பின் பெரும்பகுதி இப்படி மாறிய பிறகு அறுத்த பரங்கியையும், காம்பு பச்சையாக இருக்கையில் அறுத்த பரங்கியையும் அருகருகே வைத்தால், பச்சைக் காம்பு சுருங்கிக் குழைந்து, சில நாட்களிலேயே பூசணம் பூப்பதைக் காணலாம்.

இதே காம்புச் சோதனையைச் சாம்பல் பூசணியின்மேல் பொருத்துவதுதான் வழக்கமான பிழை. அங்கே காம்பைவிடத் தோல் அதிகம் பேசும். இளங்காயின் மேல் கையை உறுத்தும் சுணை இருக்கும். அது உதிர்ந்து, தோல் வழவழப்பாகி, பிறகு வெள்ளைச் சாம்பல் பூக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டும் அந்தப் பூச்சு உண்மையில் மெழுகு. அது காயின் நீர் வெளியே போகாமலும், வெளிஈரமும் கிருமிகளும் உள்ளே புகாமலும் காக்கிறது. பரங்கி தன் தோலின் இறுக்கத்தை நம்பி இருக்க, சாம்பல் பூசணிக்கு அதற்கு மேலும் ஒரு உறை வாய்த்திருக்கிறது. இரண்டில் அது நெடுநாள் தாங்குவதற்குக் காரணம் இதுவே. நன்கு துடைத்துப் பளபளப்பாக்கி விற்பனைக்கு வைத்த சாம்பல் பூசணியை வாங்கி வைப்பதில் பொருளில்லை; வீட்டிலும் அதைக் கழுவிவைக்கக் கூடாது.

அறுக்கும்போது திருகிப் பிடுங்குவதற்கும் கத்தியால் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று அங்குலக் காம்பு காயோடு இருக்குமாறு வெட்ட வேண்டும், அந்தக் காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு பெயர்ந்த காயை முதலில் சமைத்துவிட வேண்டும்.

ஆடிப்பட்டக் காயா, தைப்பட்டக் காயா?

ஆடியில் ஊன்றிய கொடியின் காய்கள் முற்றும் காலமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இங்கே சற்று முன்னதாகவே அறுத்துவிடுவதா, மழையில் கொடியிலேயே விடுவதா என்ற கேள்வி எழுகிறது. காம்பில் தக்கைக் கோடு ஓடத் தொடங்கிவிட்ட காய்களை மழைக்கு முன்னரே அறுத்துக் காற்றாட வைப்பதும், கோடு இன்னும் வராத காய்களுக்கு அடியில் பனையோலையோ, தட்டையான கல்லோ, உலர்ந்த சோளத்தட்டையோ கொடுத்து மண்ணிலிருந்து உயர்த்திவிடுவதும் என் தேர்வு. முற்றாத காயை மழைக்குப் பயந்து அறுப்பதால் அழுகல் தள்ளிப்போகுமே தவிரத் தவிராது. எப்படியிருந்தாலும், மழை நின்ற அன்றே, தோல் நனைந்திருக்கும்போதே அறுத்து அடுக்குவது மட்டும் ஆகாது.

மார்கழி, தையில் ஊன்றிய கொடியின் காய் சித்திரை, வைகாசி வெயிலில் முற்றும். உலர்ந்த நிலத்தில், உலர்ந்த காற்றில் அறுக்கப்படுவதால் இருப்புக்கு இதுவே சிறந்தது. இதன் எதிரி கடும்வெப்பம்: இலை கருகிய கொடியில் வெயிலுக்கு நேராக நிற்கும் காயின் ஒருபக்கம் வெந்து வெளுத்துவிடும், அந்தப் பக்கம் பின்னால் முதலில் அழுகும். ஆகவே இலைகள் காயும் நிலை வந்ததும், காயின்மேல் வைக்கோல் போர்த்துவது பயன் தரும். அறுத்த காயைக் குளிர்நாடுகளில் செய்வதுபோல் வெயிலில் கிடத்தி உலர்த்த வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. ஒருவாரம், பத்து நாள் காற்றோட்டமான நிழலில் ஒற்றை வரிசையாக வைத்தாலே வெட்டுவாய் உலர்ந்து, சிறு சிராய்ப்புகளும் ஆறிவிடும்.

தரை, பரண், உறி, ஃபிரிட்ஜ்

முற்றிய பரங்கிக்கு உகந்த வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் என்று சேமிப்பு முறைகள் கூறுகின்றன. மலைப்பகுதிகள் தவிர்த்த தமிழ்நாட்டில் இந்தக் குளிர்ச்சி எந்த வீட்டிலும் இயல்பாக அமையாது. ஆகவே நம் முன் இருப்பவை எல்லாமே குறையுள்ள தேர்வுகள். எந்தக் குறை பொறுக்கத்தக்கது என்பதே கேள்வி.

வெறும் சிமெண்டுத் தரை கடைசித் தேர்வாக இருக்கட்டும். காயின் முழு எடையும் ஒரே இடத்தில் அழுந்துவதோடு, அந்த இடத்தில் காற்றும் படாது. வைக்கோல் மெத்தை அழுத்தத்தைக் குறைக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, எலிக்கும் இடம் கொடுக்கிறது. மரப்பலகை அல்லது மூங்கில் தட்டி அடித்த தட்டு இரண்டையும்விட நல்லது. பழைய ஓட்டுவீட்டுப் பரண் பரங்கிக்கு ஏற்ற இடமாக இருந்தது, விறகடுப்பின் வெம்மையும் புகையும் அங்கே ஈரத்தை அண்டவிடாமல் செய்தன. அதே பெயரில் இன்று கான்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கும் பரண் வேறு இடம்: கோடையில் அது சூளையாகக் கொதிக்கும், காற்றும் வராது. அங்கே வைத்த பரங்கி அழுகாமல் இருந்தாலும் எடை இழந்து, சதை நாராகி, சில வேளை உள்ளேயே விதை முளைத்தும்விடும்.

உறி எல்லாவற்றிலும் மேலானது. கயிற்று வலையில் தொங்கும் காய்க்கு எல்லாப் பக்கமும் காற்று கிடைக்கிறது, எலி எட்டாது, கசிவு தொடங்கினால் உடனே கண்ணில் படும். எட்டுக் கிலோ பரங்கியைத் தாங்கும் கொக்கி வேண்டும், எண்ணிக்கையும் நாலைந்துக்கு மேல் போகாது என்பதே அதன் எல்லை. திருஷ்டிக்காக வீட்டு வாசலில் முகம் வரைந்து தொங்கவிடப்பட்ட சாம்பல் பூசணி, வெயிலும் சாரலும் பட்டு மாதக்கணக்கில் தாங்குவதைத் தெருவில் போகும் எவரும் பார்க்கலாம். உறியின் பெருமையில் பாதி அந்தக் காயின் மெழுகுக்கு உரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முழுக்காயை ஃபிரிட்ஜில் வைப்பது பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. பத்து டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருக்கும் பரங்கியின் தோலில் குழிகள் விழும், வெளியே எடுத்தபின் அது வேகமாக அழுகும். நறுக்கிய பத்தைக்கு மட்டுமே ஃபிரிட்ஜ் உரியது. அதையும் விதையையும் நடுநாரையும் வழித்தெடுத்துவிட்டு மூடிவைத்தால்தான் நாலைந்து நாள் தாங்கும், ஏனென்றால் அழுகல் அந்த ஈரமான நாரில்தான் தொடங்குகிறது.

எந்த இடமானாலும் வாழைத்தார் பழுக்கும் அறையில் பரங்கியை வைக்க வேண்டாம். பழங்கள் விடும் எத்திலீன் அதை விரைவில் மூப்படையச் செய்யும். காய்கள் ஒன்றையொன்று தொடாதிருப்பதும், தோலில் பிசின் துளி உறைந்த புள்ளி இருக்கிறதா என்று வைக்கும் முன்பே பார்ப்பதும் அவசியம். அந்தப் புள்ளி, பிஞ்சாக இருந்தபோது பழ ஈ முட்டையிட்ட துளையாக இருக்கலாம். அத்தகைய காயை உள்ளே விட்டால் எந்த உறியும் காப்பாற்றாது.

எவ்வளவு பெரிய காய்?

சேமிப்பைப் பற்றிய பேச்சில் இரகத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கோ 1 காய் ஏழெட்டுக் கிலோ வரும். கோ 2 காய் ஒன்றரை, இரண்டு கிலோ. திருமணச் சமையலுக்கும் பத்தை போட்டு விற்கும் கடைக்கும் பெரிய காய் இலாபம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஏழு கிலோ காயை வெட்டிய நிமிடமே மாதக்கணக்கான ஆயுள் நாட்கணக்காகச் சுருங்கிவிடுகிறது. வீட்டு இருப்புக்குச் சிறுகாய் இரகமே பொருத்தம். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகியும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுள்ள சிறுகாய் இரகம்தான். பழ ஈயைத் தாங்கும் தன்மையும் அதற்கு உண்டு.

சுவைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அறுத்த உடனே பரங்கி மாவுத்தன்மையோடு இருக்கும். சில வாரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறும், அதற்குமேல் நாளாக ஆக நார் மிகும். தைப்பட்டக் காயை அறுத்த மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் சமைத்து முடிப்பது நல்லது. விதைக்கு ஒதுக்கிய காயை மட்டும் அறுத்த கையோடு உடைக்காமல் இரண்டு வாரமாவது ஆறப்போட்டால், விதை உள்ளே இன்னும் திரண்டு நன்கு முளைக்கும். சாம்பல் பூசணிக்கு இந்த அவசரம் இல்லை. வடகத்துக்கும் காசி அல்வாவுக்கும் மாதங்கள் கழித்துக்கூட எடுக்கலாம் என்பதால், இரண்டும் இருப்பில் உள்ள வீட்டில் பரங்கியை முன்வரிசையிலும் சாம்பல் பூசணியைப் பின்வரிசையிலும் வைப்பதே வசதி.