சிவில் இன்ஜினியரிங் படிக்க எந்த வழி: டிப்ளமோவா, பிளஸ் டூவா?

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குக் கட்டுமானத் துறைதான் என்று முடிவாகிவிட்டால் அடுத்த குழப்பம் இது.

காலம்: பாலிடெக்னிக்கில் டிப்ளமோ 3 ஆண்டு, பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. 3 ஆண்டு. பிளஸ் டூ வழியில் 2, பி.இ. 4. இரண்டும் 6 ஆண்டுதான்! டிப்ளமோ என்றால் வீண் சுற்று என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

செலவு: அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் குறைவு. பிளஸ் டூவில் டியூஷன் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம்: டிப்ளமோ மாணவர் பதினாறு வயதிலேயே மேடு பள்ளம் அளக்கும் லெவலிங் கருவியைத் தொட்டுவிடுகிறார், மேஸ்திரி பேசும் மொழியும் சீக்கிரம் புரியும்.

கணிதம்: இங்கே பிளஸ் டூ மாணவர் முந்துகிறார். பி.இ.யில் டிப்ளமோக்காரர்கள் பலர் திணறுவது கணிதத்தில்தான்.

வேலை: மத்திய அரசின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு டிப்ளமோவே போதும்.

வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவையென்றால் டிப்ளமோ. ஐஐடி கனவு இருந்தால் பிளஸ் டூ. ஐஐடிக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ-யைப் பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம்.