தேக்கு, படாக், வாகையில் ஒரு பெரிய மயில்: ரங்கூன் மரப்பட்டறை ஒன்றின் வேலையைப் பற்றி

ரங்கூன் தாம்வே பகுதியில் தமிழ் ஆசாரிக் குடும்பம் ஒன்று பெயர்ப்பலகை இல்லாமல் நடத்திவரும் சிறிய மரப்பட்டறையில், 4 அடி உயரமும் 2½ அடி அகலமும் கொண்ட மயில் படம் ஒன்றை, பல நிற மரத்துண்டுகளைச் சேர்த்து ஒட்டி உருவமாக்கும் இன்டார்சியா முறையில் செய்யச் சொல்லி வாங்கினேன். அது எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் ஒரு மழைக்காலம் முழுவதும் தொங்கிய பிறகுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை காற்றே நனைந்திருக்கும் இந்த ஊரில், மழையைக் காணாத மரவேலையை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது முறையாகாது. மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும், அதை வெட்டி இழைப்பதிலும் இந்தப் பட்டறைக்கு இணையான இடத்தை நான் இங்கே பார்த்ததில்லை. படத்தின் பின்புற வேலையிலும், சொன்ன நாளில் கொடுப்பதிலும் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன.

இன்டார்சியா என்றால் மரத்தில் செதுக்கிய சிற்பமும் அன்று, நம்மவர்கள் நன்கறிந்த மைசூர் ஈட்டிமர இழைப்பு வேலையும் அன்று. மைசூர் வேலையில் அடிப்பலகையைக் குழித்து, அந்தக் குழிக்குள் வேறு நிறத் துண்டுகளைப் பதித்து, எல்லாவற்றையும் ஒரே மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். இன்று உலகெங்கும் இன்டார்சியா என்று வழங்கும் முறையில், முக்கால் அங்குலக் கனமுள்ள பலகைகளிலிருந்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக உருட்டித் தேய்த்து, ஒன்றையொன்று தொட்டு நிற்கும்படி பிளைவுட் பலகையின்மேல் ஒட்டுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் உர்பினோ, குப்பியோ அரண்மனைகளின் வாசிப்பறைகளை அணிசெய்த பழைய இன்டார்சியா முழுவதும் தட்டையானது. கண்ணை ஏமாற்றும் ஆழம் அதில் நிறத்தாலும் வரைந்த கோணத்தாலும் மட்டுமே வந்தது. புதிய முறையில் ஆழம் உண்மையாகவே இருக்கிறது. மயிலின் மார்பு சுவரிலிருந்து முன்தள்ளி நிற்க, தோகையின் கீழ்ப்பகுதி பின்வாங்கிச் செல்வதைக் கையால் தடவி உணரலாம்.

பறவைகளுள் மயிலைத் தேர்ந்தெடுத்தால் முதலில் எழும் சிக்கல் நிறம். பச்சையும் நீலமும் இல்லாமல் மயில் ஏது? ஆனால் பர்மாவில் கிடைக்கும் எந்த மரத்திலும் அந்த நிறங்கள் இல்லை. இதே ஊரில் வேறு சில இடங்களில் துண்டுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கொடுக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது அழகாகவே தெரியும். இந்தப் பட்டறையின் மூத்த ஆசாரி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. “சாயம் ஏத்தினா ரேகை மறைஞ்சிடும்மா. ரேகை தெரியாத மயிலுக்கு நல்ல கட்டை எதுக்கு, பிளைவுட்லயே வெட்டிக் கொடுத்துடலாமே” என்றார். அவர் சொன்னதே சரி என்பதைப் படம் முடிந்து வந்தபோது கண்டேன். நிறத்துக்குப் பதிலாக அவர் வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்திருக்கிறார். இயற்கையில் கரும்பச்சையாக மின்னும் இடங்களுக்கு, ஈட்டிமரத்தின் இனமான தமலானும் வாகையின் வைரமும் (வைரம் என்பது மரத்தின் முற்றிய உட்பகுதி). செம்பு நிறம் தெறிக்கும் இடங்களுக்கு, வேங்கையின் இனமான படாக். தோகையின் பரப்புக்குத் தேக்கு. முகத்தின் மஞ்சள் தோலுக்குப் பலா. வெளிர்நீலம் ஒளிரும் இடங்களுக்கு, இங்கே யமனே என்று அழைக்கப்படும் குமிழ். இறக்கையின் கருமைக்குப் பனையின் வைரம். அதில் இயல்பாகவே ஓடும் வெளிர்க் கோடுகள் இறகின் நரம்புகளைப் போல அமைந்துவிட்டன. இந்த ஏழு வகை மரங்களில் ஒன்றுக்கும் சாயம் பூசப்படவில்லை. ஆயினும் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவரும் பச்சை எங்கே என்று கேட்கவில்லை.

எந்த மயில் என்பதையும் பட்டறையில் முதலிலேயே கேட்டார்கள். பாராட்ட வேண்டிய கேள்வி இது. தமிழ் வீடுகளுக்குச் செய்யும்போது பெரும்பாலோர் கேட்பது முருகனின் வாகனமான இந்திய மயில். அதன் கொண்டை விசிறிபோல் விரிந்திருக்கும், கழுத்து வழுவழுப்பான நீலமாக இருக்கும். பர்மாவின் காட்டு மயில் வேறு இனம். அதன் கொண்டை ஈட்டிமுனைபோல் நேராக நிமிர்ந்து நிற்கும். கழுத்து இறகுகள் மீன் செதில்களைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். முகத்தில் நீலமும் மஞ்சளுமாக வெற்றுத்தோல் தெரியும். பர்மாவைக் கடைசியாக ஆண்ட கொன்பவுங் மன்னர்களின் சின்னமாகவும், 1943இல் அமைந்த பர்மா அரசின் கொடியிலும் இருந்தது இந்த மயில்தான். உலக அளவில் அழிவின் விளிம்பை நெருங்கிவரும் பறவைகளின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. நான்கு தலைமுறைகளாக இந்த மண்ணில் வாழும் குடும்பம் எங்களுடையது. இந்த மண்ணின் மயிலே எங்கள் சுவரில் இருக்கட்டும் என்று அதையே கேட்டேன். அதற்காக அவர்கள் தம்மிடமிருந்த பழைய படிவத்தை ஒதுக்கிவிட்டு, புகைப்படங்களைப் பார்த்து முழு அளவில் புதிதாக வரைந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், எந்த மரம் என்பதற்கு ஓர் எழுத்து, ரேகை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறி என்று குறித்த அந்தத் தாளை, ஒரு பலகையைக்கூட அறுப்பதற்கு முன் என்னிடம் விரித்துக் காட்டினார்கள். துண்டுகள் 200க்கும் மேல்.

கழுத்துச் செதில்களுக்கு அவர்கள் இரண்டு வழிகளைச் சொன்னார்கள். ஒரே பலகையில் கழுத்தை வெட்டி உளியால் செதில் கோடுகளை இழுப்பது ஒன்று. ஒவ்வொரு செதிலையும் தனித்துண்டாக வெட்டி அடுக்குவது மற்றொன்று. இரண்டாவதற்குக் கூலி அதிகம், ஆனால் தயங்காமல் அதையே கேளுங்கள். வாகையும் தமலானும் மாறிமாறி வரும்படி அடுக்கிய அந்தக் கழுத்தின்மீது காலை வெயில் பக்கவாட்டில் படும்போது, ஒவ்வொரு செதிலின் விளிம்பும் தனித்தனியே ஒளிர்கிறது. உளிக்கோட்டில் இது வராது.

தோகைக் கண்ணை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அருகில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். நடுவில் இதய வடிவில் தமலான், அதைச் சுற்றிக் குமிழின் வெளிர் வளையம், அதற்கு வெளியே படாக்கின் செம்பு வளையம், பிறகு தேக்கு. வளையத்தின் உட்புறத்தை அறுக்க, எப்படியும் வெட்டியெடுக்கப்போகும் நடுப்பகுதியில் மெல்லிய துளை ஒன்றைப் போட்டு, ஸ்க்ரோல் சா இயந்திரத்தின் நூல்போன்ற பிளேடை அதன்வழியே கோத்து, மறுபடியும் இழுத்து மாட்டி அறுக்கிறார்கள். அதனால் வளையத்தில் துளையின் தடம் இருப்பதில்லை. பிளேடு மேசைக்கு நேர்செங்குத்தாக நிற்காவிட்டால், துண்டுகள் மேற்பரப்பில் பொருந்தியிருந்தும் அடியில் இடைவெளி விழும். விளிம்பை உருட்டித் தேய்த்த பிறகு அந்த இடைவெளி முன்பக்கமும் தெரிந்துவிடும். இளைய ஆசாரி ஒவ்வொரு முறை பிளேடை மாட்டிய பிறகும் சிறிய மூலைமட்டத்தை அதனருகே வைத்துப் பார்த்தே காலால் விசையை மிதித்தார். அறுக்கும் தாளின்மேல் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தார்கள். கடினமான தமலானில் பிளேடு சூடேறிக் கருகாமல் இருக்க அது உதவுகிறது. முடிந்து வந்த தோகைக் கண்கள் அனைத்தையும் நகத்தால் தடவிப் பார்த்தேன். எந்த இணைப்பிலும் நகம் சிக்கவில்லை.

இவர்களிடம் உள்ள தேக்கில் பெரும்பகுதி இடித்த பழைய வீடுகளிலிருந்து வருவது. பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த உத்தரங்களும் கதவு நிலைகளும் இனிப் பெரிதாகச் சுருங்கவோ உப்பவோ செய்யா. நிறமும் புதுத்தேக்கைவிட ஆழமானது. உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகள்தாம் தொல்லை. தேக்கின் வெளிறு, அதாவது பட்டையை அடுத்த இளமரம், பார்க்க வெண்மையாக இருந்தாலும், பூச்சி அரித்து உளுத்துப்போகும் என்பதால் அதைப் பயன்படுத்தாமல், வெளிர்நிறம் வேண்டிய எல்லா இடங்களிலும் குமிழையே வைத்திருக்கிறார்கள். கேட்காமலே செய்த நல்ல காரியம் இது. தேக்கிலும் தமலானிலும் இயல்பாக உள்ள எண்ணெய், பசையைப் பிடிக்கவிடாது என்பதால், ஒட்டும் முகத்தை முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுகிறார்கள். படாக்கின் சிவப்பு, வார்னிஷில் கரைந்து பக்கத்திலுள்ள வெளிர் மரத்துக்குள் ஓடிவிடும். அதன் தூள்கூடக் குமிழில் பதிந்தால் போகாது. அதனால் துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே தனித்தனியாக வார்னிஷ் பூசி உலரவைக்கிறார்கள். தோகைக் கண்ணில் குமிழும் படாக்கும் ஒட்டி நிற்கும் கோடு இன்றும் கலங்காமல் கூர்மையாக இருப்பதற்கு இந்தப் பொறுமையே காரணம். படாக் நேர்வெயிலில் காலப்போக்கில் பழுப்பாக மாறும் என்பதால், சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

குறைகளில் முதலாவது, மாட்டும் ஏற்பாடு. இந்தப் படம் 10 கிலோவுக்கும் மேல் எடை உள்ளது. அதற்குக் கண்ணாடிப் படங்களுக்குப் போடும் மெல்லிய வளையக் கொக்கிகள் இரண்டை மட்டும் திருகிக் கொடுத்திருந்தார்கள். சட்டத்திலிருந்து திருகாணி மெல்ல வெளியே வருவதைக் கவனித்துக் கழற்றி இறக்கினோம். பிறகு 45 பாகைச் சாய்வாக அறுத்த இரண்டு மரச்சட்டங்களில் ஒன்றைச் சுவரிலும் மற்றொன்றைப் படத்தின் பின்னாலும் பொருத்தி, ஒன்றையொன்று கவ்வும்படி அவர்களே மாற்றித் தந்தார்கள், கூலி கேட்கவில்லை. பெரிய படத்துக்கு இதைத் தொடக்கத்திலேயே செய்து கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, பின்பலகை. முன்பக்கத்துக்கு இவ்வளவு கவனமாக வார்னிஷ் பூசியவர்கள் பிளைவுட்டின் பின்புறத்தை அப்படியே விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து அது சற்று வளைய, தோகையின் கீழ்மூலையில் அகலமான தேக்குத் துண்டுகள் இரண்டுக்கு நடுவே தலைமுடி அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்தது. குளிர்காலம் வந்ததும் அது பெரும்பாலும் மூடிக்கொண்டது, ஆனால் முற்றிலும் மறையவில்லை. பின்புறத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் பூசித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டே முன்பணம் கொடுங்கள்.

நாள் விஷயத்தில், மின்சாரம் முறைவைத்து வரும் ஊரில் தாமதத்துக்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஜெனரேட்டரில் அந்த இயந்திரத்தை ஓட்டினால் கூலி ஏறிவிடும் என்பதால் மின்சாரம் வரும் நேரத்தில், அது நள்ளிரவானாலும், எழுந்து அறுக்கிறார்கள். தாமதமாகும் என்பதை நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதே என் மனக்குறை. வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வைபரில் படம் அனுப்பியவர்களுக்கு, ஒரு வரி சேர்த்து அனுப்புவது பெரிய பாரமாக இருந்திருக்காது.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். மரத்தூளை உறிஞ்சும் கருவி அங்கே இல்லை. மூக்கில் கட்டிய துணியோடுதான் தேய்க்கிறார்கள். தமலான் இனத்து மரத்தூள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. மரத்தூளை நெடுங்காலம் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது நிறுவப்பட்ட உண்மை. இவ்வளவு தேர்ந்த கைகள் அங்கே இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் நாலு பேர் சேர்ந்தால் நல்ல முகக்கவசங்களும் ஒரு சிறிய உறிஞ்சியும் வாங்கிக் கொடுத்துவிடலாம். நான் என் பங்குக்கு முகக்கவசங்களைக் கொடுத்திருக்கிறேன்.

விலையைப் படத்தின் அளவை வைத்து அவர்கள் சொல்வதில்லை. துண்டுகளின் எண்ணிக்கையையும் மரத்தையும் வைத்தே சொல்கிறார்கள். ஆகவே அதே உயரத்தில் ஒரு கொக்கு, மயிலின் விலையில் பாதிக்கும் கீழே வரும். பாதி முன்பணம், மீதி படத்தை எடுத்துக்கொள்ளும்போது. பேரம் பேசினால் மூத்தவர் முகம் சுளிப்பதில்லை; துண்டுகளைக் குறைத்து வரைந்து காட்டுகிறார், அது நியாயமான வழிதான்.

தமிழ்நாட்டிலுள்ள உறவினர்களுக்கோ வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கோ அனுப்புவதற்காகச் செய்யச் சொல்பவர்கள் தமலானைத் தவிர்த்துவிடுவது நல்லது. ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எடை குறைந்த பொருள்களுக்கு விலக்குகள் உண்டு என்றாலும், எந்த மரம் என்று சுங்கத்தில் நின்று விளக்குவது எளிதன்று. கருமைக்கு வாகையின் வைரத்தை மட்டும் வைத்துச் செய்யச் சொன்னால் அவர்கள் செய்து தருகிறார்கள். கழுத்து ஒரு படி வெளிறித் தெரியும், ஆனால் செதிலின் ஒழுங்கு குலையாது. அனுப்பும்போது படத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, கொண்டை இருக்கும் மேல்மூலையில் பஞ்சு அடைத்து மரப்பெட்டியில் கட்டச் சொல்லுங்கள்; படம் முழுவதிலும் எளிதில் ஒடியக்கூடியது அந்தக் கொண்டை ஒன்றுதான்.