“சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

ஸ்டுடியோ பெயரைக் கேட்டு யாரும் போன் போட வேண்டாம், சொல்லப்போவதில்லை. நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கடைத்தெரு மாடியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பாட்டோ, பிரசங்கமோ, யூடியூபுக்குக் குரலோ, எதையாவது பதிவு செய்யப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 13,000 ரூபாய்.

என் பெரியப்பா தங்கச்சிமடத்துக்காரர். கரைவலை இழுத்த காலத்தில், வலை இழுக்கிறவர்களுக்கு அம்பா என்கிற இழுப்புப் பாட்டைப் பாடிக் கொடுக்க அவர் வேண்டும் என்று ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்களாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அவருக்கு 11 வயது. பின்னாளில் அந்த ராத்திரியை அம்பா மெட்டிலேயே பாட்டாகக் கட்டினார். எழுதி வைக்கவில்லை, வாயில்தான் இருக்கிறது. இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. துபாயில் இருக்கும் அண்ணன், “செலவப் பாக்காதடா, நல்ல ஸ்டுடியோல எடுத்து வச்சிரு” என்று பணம் அனுப்பினார்.

பேசிய தொகை 10,000. அட்வான்ஸ் 6,000 ஜிபேயில் போட்டேன். ரசீது நானும் கேட்கவில்லை, ஸ்டுடியோக்காரரும் தரவில்லை.

அறை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுவரெங்கும் கறுப்பு ஸ்பாஞ்ச், நீல விளக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய மானிட்டர். நடுவில் ஸ்டாண்டில் தடியான ஒரு கண்டென்சர் மைக். வட்ட வளையத்தில் வலைத்துணி கட்டி, மைக்குக்கு முன்னால் நிறுத்தி வைப்பார்களே, அந்த பாப் ஃபில்டரும் அங்கே இருந்தது. எங்கே? ஜன்னல் கம்பியில். அதன் மேல் போன் சார்ஜர் ஒயரைச் சுற்றி வைத்திருந்தார்.

எனக்கு அப்போது இதில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கேட்டேன். “அண்ணே, அத மைக்குக்கு முன்னாடி வைக்கலையா?”

“அது இங்கிலீஷ் பாட்டுக்குத் தம்பி. தமிழ்ல அவ்வளவு காத்து வராது. வந்தாலும் சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்.”

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் ‘ப’ வந்தால் கூடவே மூச்சும் வெடித்துக்கொண்டு வரும். நம் ‘ப’வில் அவ்வளவு மூச்சு கிடையாது. ஆனால் அதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது. அம்பா பாடுகிறவர் ஒவ்வொரு அடியின் முதல் எழுத்தையும் கயிற்றை இழுக்கிற வேகத்தோடு எடுப்பார். நீங்களே பாருங்கள். உள்ளங்கையை வாய்க்கு நேராக, உதட்டை ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டு ‘பாம்பன்’ என்று உரக்கச் சொல்லுங்கள். அப்புறம் கையைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு அதையே சொல்லுங்கள். முதல் தடவை கையில் பட்ட காற்று இரண்டாம் தடவை இருக்காது. குரல் மட்டும் எங்கிருந்தாலும் கேட்கும். குரல் எல்லாப் பக்கமும் பரவுகிறது, வாய்க்காற்று நேராக மட்டும் போகிறது. பாப் ஃபில்டர் வைப்பது, மைக்கைச் சாய்த்து வைப்பது எல்லாம் இந்த வித்தியாசத்தை நம்பித்தான். கண்டென்சர் மைக்குக்குள் இருப்பது தும்பி இறகு மாதிரி ஒரு மெல்லிய படலம். காற்று மொத்தமாக அதில் மோதினால் ‘தொம்’ என்று அடி விழும்.

பெரியப்பா பாட்டிலோ பாம்பன், பாலம், புயல், கடல் கொண்டுபோன தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில். ‘ப’ இல்லாமல் ஓர் அடி கிடையாது. ‘ஏலேலோ ஐலசா’ ஒன்றுதான் தப்பித்தது, அதில் உதடு சேர்ந்து வெடிக்கிற எழுத்தே இல்லை.

அடுத்த தப்பு, தூரம். பெரியப்பா கோயில் திருவிழா மேடையில் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பழகியவர். மேடையில் அது சரி. ஷூர் எஸ்எம்58 மாதிரி மேடை மைக்குகளின் உருண்டைக் கம்பி வலைக்குள்ளேயே ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள், கையில் பிடித்துப் பாடுவதற்கென்றே செய்தது. கண்டென்சர் அப்படியில்லை. தள்ளி நிற்கச் சொல்ல வேண்டிய ஆளே, “இன்னும் கிட்ட வாங்கய்யா, அப்பத்தான் பேஸ் கிடைக்கும்” என்றார். கிடைக்கும்தான். ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் முதன்மையாக வாங்குகிற மைக்குகளில், வாய் நெருங்க நெருங்க அடிச்சத்தம் கூடும். ரேடியோவில் பேசுகிறவர்கள் அதை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள். ஆனால் ‘தொம்’ என்பதும் அடிச்சத்தம்தானே, கிட்டப் போகப் போக அதுவும் சேர்ந்து ஏறும்.

மூன்று மணி நேரம் பாடினார். ‘பாலம்’ வரும்போதெல்லாம் மானிட்டரில் சிவப்பு மின்னியதை நான் பார்த்தேன். அது அழகுக்கு மின்னுகிறது என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் மாதிரி வந்தது. எக்கோ போட்டு, பின்னணியில் அலைச்சத்தமும் சேர்த்திருந்தார். போனில் கேட்டோம், அருமையாக இருந்தது. அன்றைக்கே மீதி 4,000 போட்டேன்.

ஊர்த் திருவிழாவில் மைக்செட்காரர் பந்தலில் பென் டிரைவைச் செருகினார். ஆள் உயர பாக்ஸ், தரையில் தனியாக பேஸ் பாக்ஸ். முதல் அடி, “பாம்பன்...” தொம்! யாரோ தகரக் கதவைத் தோளால் இடித்த மாதிரி. “பாலம்...” தொம்! மூன்றாவது அடியிலிருந்து சின்னப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கு வரை எண்ணியது என் காதில் விழுந்தது. மைக்செட்காரர் பாவம், பேஸைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வேறு பாட்டுக்கு மாற்றினார். பெரியப்பா முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

போனில் ஏன் கேட்கவில்லை என்றால், போன் ஸ்பீக்கர் விரல்நகம் அளவுதான். இந்த ‘தொம்’ பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற சத்தம், அது அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. நல்ல ஹெட்போனிலோ பெரிய பாக்ஸிலோ கேட்காமல் யாரும் ‘ஓகே’ சொல்லிவிடாதீர்கள். நான் அப்படிச் சொன்னவன்.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு போன் செய்தேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “உங்க பெரியப்பாவுக்கு மூச்சுக் கன்ட்ரோல் இல்ல தம்பி. வயசாயிருச்சு. பாடுறவங்க வேற, வலை இழுக்கிறவங்க வேற.” நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பெரியப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வடகடல் பக்கம் போய்விட்டார். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன், இதை விடுவதாக இல்லை.

அதற்கு மேலும் ஏமாந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘கிளீனிங் சார்ஜ்’ 3,000 கொடுத்தால் சரி செய்து தருவதாகச் சொன்னார். கொடுத்தேன். வந்த ஃபைலில் பெரியப்பா குரல் பழைய டிரான்சிஸ்டரில் கேட்கிற மாதிரி மெலிந்துபோயிருந்தது. 80 ஹெர்ட்ஸ் பக்கம் அடிச்சத்தத்தை லேசாக வெட்டுவது எல்லாரும் செய்கிற வேலைதான். இவர் ‘தொம்’மை விரட்டுகிறேன் என்று ஆண் குரலின் கனம் இருக்கிற இடம் வரை வெட்டியிருக்கிறார். அப்படியும் சிவப்பு மின்னிய இடங்களில் ‘டக்’ என்ற வெடிப்பு போகவில்லை. அளவு மீறி ஏறிய இடத்தில் குரலின் உச்சி பதிவாகவே இல்லை. பதிவாகாததை எந்த சாஃப்ட்வேர் கொண்டுவரும்?

“சரி, எக்கோ இல்லாத வெறும் குரலையாவது கொடுங்கண்ணே” என்றேன். “ப்ராஜெக்ட அழிச்சாச்சு தம்பி, ஹார்ட் டிஸ்க் ஃபுல்லு” என்றார். எக்கோவும் அலையும் கலந்த எம்பி3 ஒன்றுதான் கையில் மிஞ்சியது. மாவில் கரைத்த உப்பை இனி எங்கே பிரிப்பது?

மதுரையில் குறும்படங்களுக்கு சவுண்டு பார்க்கும் நண்பன் ஒருவன் உண்டு. அந்த ஃபைலை அவன் லேப்டாப்பில் திறந்து காட்டினான். குரல் இருக்கிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி நெருக்கமான கோடுகள். ஒவ்வொரு ‘ப’விலும் திடீரென்று ஒரு மேடு, அதன் உச்சி கத்தியால் சீவினாற்போல் மட்டமாக. “இது பெரியப்பா தப்பு இல்லடா. மைக் வச்சவன் தப்பு” என்றான். அதைப் பெரியப்பாவிடமே சொல்லச் சொன்னேன். சொன்னான். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

மறுபடி பாட மாட்டேன் என்று ஒரு மாதம் பிடிவாதமாக இருந்தார். பெரியம்மாதான் எப்படியோ சம்மதிக்க வைத்தார். நண்பன் தன் மைக்கைக் கொண்டுவந்தான். வீட்டு உள்ளறையில் கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, கதவில் இரண்டு போர்வை தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். கச்சான் காற்று வீசுகிற மாதம். பகலில் ஓலைக் கொட்டகை இரைச்சலில் ஒன்றும் நடக்காது என்று ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஆரம்பித்தோம்.

பாப் ஃபில்டரை அவன் மதுரையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான்! பெரியம்மாவின் எம்ப்ராய்டரி வளையத்தில் கொசுவலைத் துணியை இழுத்து மாட்டிப் பார்த்தோம். கண் பெரிதாக இருந்ததால் காற்று அப்படியே பாய்ந்தது. பெட்ஷீட் துணி போட்டோம். காற்று நின்றது, குரலின் தெளிவும் போய்விட்டது. கடைசியில் தங்கச்சியின் பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸை வெட்டி, இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினோம். அந்தப் பக்கம் கையை வைத்து, இந்தப் பக்கம் ‘பாம்பன்’ என்றால் கையில் ஏதோ மெதுவாகத் தடவுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வளையத்தை மைக்கோடு ஒட்டி வைத்தால் பயனில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. வலையில் மோதி உடைந்த காற்று கலைந்துபோக இடம் வேண்டும். மைக்கிலிருந்து வளையம் நாலு விரல், வாயிலிருந்து மைக் ஒரு சாண். மைக்கை மூக்கு உயரத்தில் வைத்து, வாயைப் பார்த்து லேசாகக் கீழே சாய்த்தான். காற்று மைக்குக்குக் கீழே போய்விடும், குரல் எப்படியும் வந்து சேரும்.

இன்னொரு சிக்கல் யாரும் எதிர்பார்க்காதது. பெரியப்பாவால் சும்மா நின்று பாட முடியவில்லை. கயிறு இழுக்கிற மாதிரி முன்னும் பின்னுமாக ஆடினார். ஒரு சாண் இரண்டு சாண் ஆனால் சத்தம் 6 டெசிபல் அளவுக்கு விழும், கேட்கிறவருக்கு ஒரு சொல் பக்கத்திலும் அடுத்த சொல் தூரத்திலுமாக இருக்கும். நண்பன் ஜன்னல் கம்பியில் ஒரு வலைக்கயிற்றைக் கட்டி நுனியை அவர் கையில் கொடுத்தான். “இழுக்க வேணாம் பெரியப்பா, இறுக்கிப் பிடிச்சுக்கங்க போதும்.” பிடித்துக்கொண்டார். ஆட்டம் நின்றது. குரல் அதன் பிறகுதான் சரியாக வந்தது. பதிவாகும் சத்தத்தின் அளவை அவன் உச்சத்திலேயே மைனஸ் 10 டெசிபல் பக்கம் வருகிற மாதிரி வைத்திருந்தான், சிவப்பு ஒரு தடவைகூட மின்னவில்லை. மூன்றாவது தடவை பாடி முடித்துவிட்டு, “அந்த ஆளு கிட்ட வா, கிட்ட வான்னானேடா” என்றார்.

தனுஷ்கோடியில் வீடியோ எடுக்கிற தம்பிகள் கவனத்துக்கு ஒன்று. இந்த வளையம் வாய்க்காற்றுக்கு மட்டும்தான், கடற்காற்றுக்கு ஆகாது. அதற்கு முடி முடியாக இருக்கும் உறை தனி. நம் ஊர் ஈரத்துக்கு மைக்கை வெளியே போட்டு வைக்காமல், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வையுங்கள். எச்சில் தெறித்து மைக் கெடாமல் காப்பதும் பாப் ஃபில்டரின் வேலைதான்.

ஸ்டுடியோவுக்கே போகிறீர்கள் என்றால், முதல் அடியைப் பாடியதும் நிறுத்தச் சொல்லி, எக்கோ இல்லாமல் ஹெட்போனில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எதுவும் கலக்காத வேவ் ஃபைல் பென் டிரைவில் வந்த பிறகுதான் மீதிப் பணம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். ரசீது வாங்குங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

நேற்று ராத்திரி அவரிடமிருந்து மெசேஜ். “தம்பி, கம்ப்ளெய்ன்ட் வேணாம். 3,000 திருப்பி அனுப்பிடுறேன்.” 13,000-மும், பெரியப்பாவுக்கு ஒரு போனும் என்று பதில் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, இன்னும் பதில் இல்லை.