ஒரத்தநாட்டு வீட்டுக் கேமராவும் சிங்கப்பூரில் திறந்த போர்ட்டும்

இந்த முறை எனக்கு 12 நாள் லீவு. திருச்சியில் இறங்கி, ஒரத்தநாடு பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போன அன்றே ஒரு வேலையைக் கையில் எடுத்தேன். அப்பா போன பிறகு அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 74. கேட், கொல்லைப்புறம், மோட்டார் கொட்டகை மூன்றும் தெரிகிற மாதிரி போன வருடம் கேமரா போட்டோம். பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி கூடத்தில் டிவிக்குக் கீழே இருக்கிறது. அங்கே படம் நன்றாகத் தெரியும். சிங்கப்பூரில் என் போனில்தான் பாதி நாள் ‘ஆஃப்லைன்’ என்று வரும்.

“பெட்டியில பச்சை விளக்கு எரியுதுப்பா, நல்லாத்தான் இருக்கு” என்று அம்மா சொல்வார். அவர் சொன்னது சரிதான். பெட்டியில் கோளாறு இல்லை. அதை வெளியிலிருந்து எட்டும் வழியில்தான் கோளாறு.

கேமராக்காரர் போட்டுக் கொடுத்திருந்தது கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்க்கிற செயலி. நடுவில் இருக்கும் நிறுவன சர்வர் வழியாகத்தான் வீட்டைப் பிடிக்கும். அதை நம்பாமல் நேரடியாகப் போய்விடலாம் என்று போர்ட் ஃபார்வர்டிங் செய்ய உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வீட்டு முகவரிக்கு வருகிற அழைப்பு எந்தப் போர்ட் எண்ணுக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே இன்ன பெட்டிக்கு அனுப்பு என்று ரவுட்டரிடம் சொல்லிவைப்பதுதான் அது. வீடியோவுக்கு 554. பத்து நிமிட வேலை. போட்டேன், சேமித்தேன், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றேன். எதுவும் வரவில்லை.

ஒரு மணி நேரம் டிவிஆரையே சந்தேகப்பட்டது வீண். முதலில் பார்த்திருக்க வேண்டியது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வேன் ஐபி’ என்று இருக்கிற எண்ணை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியை. அது 100.72 என்று தொடங்கியது. ‘என் ஐபி என்ன’ என்று இணையத்தில் தேடினால் வேறு எண் வந்தது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் போர்ட் ஃபார்வர்டிங்கைத் தொடவே வேண்டாம். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகளை, ஒரே பொது முகவரியைப் பங்குபோடும் நிறுவனங்களுக்கென்றே 2012இல் ஒதுக்கிவைத்தார்கள். பழைய ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான தாராளக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்தது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. சிஜி-நாட் என்பார்கள். வெளியிலிருந்து வருகிற அழைப்பு நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும். என் ரவுட்டரில் நான் எந்தக் கதவைத் திறந்தாலும் அதுவரை யாரும் வந்து சேரப்போவதில்லை.

லைன் பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் வண்டியில் வந்துவிட்டார். “அண்ணே, நம்ம ஏரியா முழுக்க இப்படித்தான் வருது. தனி ஐபி வேணும்னா ஆபீஸ்லதான் கேக்கணும்” என்றார். ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. வந்த கையோடு ஃபைபர் ஒயரில் இருந்த ஒரு மடிப்பையும் சரிசெய்துவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை. ஆபீஸ் வேறு மாதிரி. மூன்று முறை போன் செய்தேன். முதல் இரண்டு முறையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாவது முறை, நிலையான ஐபி வணிக இணைப்புக்குத்தான் என்றார்கள். இதை இணைப்பு கொடுக்கிற அன்றே ஒரு வரி சொல்லியிருக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் கேமரா போடுவதே தூரத்திலிருந்து பார்க்கத்தானே.

ஒரு விதத்தில் அந்தக் கதவு திறக்காதது நல்லதாகப் போயிற்று. டிவிஆரில் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் 123456. போட்ட நாள் முதல் யாரும் மாற்றவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் பரவியது. வெளியில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடி, தொழிற்சாலைக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அந்த வருடம் அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும்கூடத் திணறின. கேமராப் பெட்டியின் போர்ட்டை நேராக வெளியில் திறக்கவே கூடாது என்பதில் இப்போது நான் உறுதியாக இருக்கிறேன். அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றினேன்.

அப்புறம்தான் வழி புலப்பட்டது. உள்ளே வருகிற அழைப்பு நிற்குமே தவிர, உள்ளிருந்து வெளியே போகிற அழைப்பை யாரும் நிறுத்துவதில்லை. சிங்கப்பூரில் என் வீட்டு இணைப்புக்குப் பொது முகவரி இருக்கிறது. அங்கே ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கணினி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதிரி இன்னொன்றை ஊருக்குப் பயணப் பெட்டியில் எடுத்து வந்திருந்தேன். மனைவியை வீடியோ காலில் கூப்பிட்டு அங்குள்ள ரவுட்டரைத் திறக்கச் சொன்னேன். யுடிபி என்ற வகை, போர்ட் எண் 51820, அதை அந்த ராஸ்பெர்ரி பைக்கு அனுப்பு. நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். அது வயர்கார்டுக்கு, அதாவது இரண்டு இடங்களுக்கு நடுவே மறையாக்கிய தனி வழி (விபிஎன்) போடும் மென்பொருளுக்கு, வழக்கமான போர்ட். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்ட் பதிலே சொல்லாது, அங்கே ஏதோ இருக்கிறது என்றுகூடக் காட்டிக்கொள்ளாது. ஊர் வீட்டில் வைத்த ராஸ்பெர்ரி பை சிங்கப்பூரை அழைக்கும். வழி மூடிக்கொள்ளாமல் இருக்க 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் தட்டு தட்டும். என் போனும் சிங்கப்பூர் வழியாகவே வீட்டுக்குள் போகும்.

உடனே வேலை செய்துவிடவில்லை. இரண்டு வீட்டிலும் உள்ளே இருக்கிற பெட்டிகளின் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்கின. எந்த வீட்டைத் தேடுவது என்று போனுக்குத் தெரியவில்லை. ஊர் வீட்டை 192.168.57 என்று மாற்றினேன். டிவிஆரின் முகவரியை மட்டும் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து, அதோடு வந்த மவுஸால் ஒவ்வொரு எண்ணாகக் கிளிக் செய்துதான் மாற்ற முடிந்தது. அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கரண்ட் போனதும் இன்னொன்று தெரிந்தது. இன்வெர்ட்டர் லைனில் ஃபேனும் லைட்டும்தான் இருந்தன. மோடமும் டிவிஆரும் மாட்டியிருந்த பிளக் அதில் இல்லை. பாதி நாள் ஆஃப்லைன் ஆனதற்கு முக்கியக் காரணமே அதுதான். எலக்ட்ரீஷியன் வந்து ஒரே ஒயர் மாற்றிக் கொடுத்தார். அம்மாவின் கேமரா சரியாக வராதவர்கள் முதலில் இந்தப் பிளக்கைப் பாருங்கள். செயலியே போதும் என்பவர்களுக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா கேட்டார்: “நீ எப்பப் பாக்குறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. கொல்லைப்புறக் கேமரா துணி உலர்த்தும் கொடியையும் காட்டிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு ஏறி, கிணற்றைப் பார்க்கிற மாதிரி திருப்பினேன். போன் செய்துவிட்டுத்தான் பார்ப்பேன், அவர் எடுக்காவிட்டால் மட்டும் கேட்காமல் திறப்பேன் என்று பேசிக்கொண்டோம்.

திருச்சி விமான நிலையத்தில் செக்-இன் முடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். “பாரு” என்றார். திறந்தேன். கேட்டைத் தாழ்போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றித் திண்ணையில் ஏறிக்கொண்டிருந்தார்.