லாப்ரடார் குட்டியா, காப்பகத்துக் கலப்பின நாயா?

வளர்ப்பாளரிடம் லாப்ரடார் குட்டி வாங்குவதா, விலங்குகள் காப்பகத்திலிருந்து கலப்பின நாயைத் தத்தெடுப்பதா என்று சென்னையில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் வழக்கு நடந்தது. முடிவில், தகப்பன் இன்னதென்று தெரியாத, ஒரு காது மட்டும் மடிந்த இரண்டு வயதுப் பெட்டை வந்து சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

விலையில் உள்ள வேறுபாடு எல்லோரும் அறிந்தது. பாசத்திலும் காவலிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குட்டி வாங்குவோர் ஒன்றைமட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி வளர்ப்பாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும். இடுப்பு மூட்டின் நலத்தை அது சொல்லாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. லாப்ரடார், குளிர்ந்த நீரில் இறங்கி வேலை செய்வதற்காக உருவாக்கப்பட்ட இனம் என்பதால், அதற்கு இரண்டு அடுக்காக அடர்ந்த முடி உண்டு. சித்திரை வெயிலில் அந்த முடியே அதற்குச் சுமை. தொங்கும் காதுகளில் ஈரம் தங்கிச் சீழ் பிடிப்பதால் அவற்றை அடிக்கடி துடைத்துப் பார்க்க வேண்டும். அதன் தீராப் பசிக்கு வளர்ப்பவரின் செல்லத்தை மட்டுமே குறை சொல்ல முடியாது. பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குக் குறை இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உடல் பருத்தால், இவ்வினத்தில் ஏற்கெனவே பலவீனமாக இருக்கக்கூடிய இடுப்பு மூட்டு மேலும் தேய்கிறது. கீழ்வீட்டு லாப்ரடார் ஐந்து வயதிலேயே நாற்பது கிலோவைத் தொட்டுவிட்டது. அதை மருத்துவரிடம் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. எங்கள் பதினெட்டுக் கிலோக்காரியை நான் ஒருவனே தூக்கி ஆட்டோவில் வைத்துவிடுவேன். அவளுடைய குட்டை முடிக்கு வாரம் ஒருமுறை சீப்பும் மாதம் ஒரு குளியலும் போதும். கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் காப்பகத்திலேயே முடிந்திருந்தன.

கலப்பினத்துக்கு நோயே வராது என்பது மட்டும் கட்டுக்கதை. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் பழுதான அதே மரபணு வந்தால்தான் தோன்றும் நோய்கள் கலப்பில் குறையலாம். உண்ணிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வந்த மூன்றாம் மாதமே அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் கண்டு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிந்து, நான்கு வாரம் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க நேர்ந்தது. அதிலிருந்து உண்ணி மாத்திரை தேதி தவறுவதில்லை. இந்தச் செலவு லாப்ரடாருக்கும் உண்டு, மாத்திரை எடைக்கேற்ப விற்கப்படுவதால் சற்றுக் கூடவே இருக்கும்.

லாப்ரடாரின் பக்கம் உள்ள நியாயமான வாதம் குணம். அதன் சுபாவத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கலாம். காப்பக நாயின் கடந்தகாலம் தெரியாது. எங்களுடையவள் அதற்கு முன் மாடிப்படியையே கண்டதில்லைபோலும். இரண்டாம் மாடிக்குத் தானாக ஏறி வர மூன்று வாரம் பிடித்தது. தீபாவளிக்குக் குளியலறையைவிட்டு இன்றும் வெளியே வருவதில்லை. ஆனால் வளர்ந்த நாயைத் தேர்ந்தெடுத்ததால் அதன் உயரம், எடை, குழந்தைகளிடம் பழகும் விதம் ஆகியவற்றை நான்கு முறை போய்ப் பார்த்து அறிந்துகொள்ள முடிந்தது. குட்டியிடம் இது முடியாது, அது எந்த இனமானாலும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் இதே ஆலோசனையைச் சொல்வேனா என்றால் தயங்குவேன், எங்கள் மகனுக்கு அப்போது பதினொரு வயது.

முதுமைக்கால மருத்துவச் செலவைப் பற்றி என் அனுபவம் இன்னும் பேசாது. அவளுக்கு இப்போது ஆறு வயதுதான். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதிதாக வருவதை இரண்டு வாரமாவது தனி அறையில் வைப்பது நல்லது. பார்வோ என்ற நாய்களின் வைரஸ் நோய் போன்ற தொற்று இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.