அனேக் தமிழ்: அமுக்காமல் அடங்கும் எழுத்து

ஃபிளெக்ஸ் போர்டில் எழுத்தை அமுக்கியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால் புள்ளியைப் பாருங்கள். வட்டப் புள்ளி முட்டை மாதிரி நிமிர்ந்து நின்றால், யாரோ கோரல் ட்ரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். மதுரையில் டிடிபி கடை வைத்திருக்கும் எனக்கு இது தொழில் வியாதி. பஸ்ஸில் போனால்கூடக் கண் கடைப் பலகைகளின் புள்ளிகளில்தான் இருக்கும்.

அமுக்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ் எழுத்து அகலம் கேட்கும். இந்தியில் ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்தின் தலைக்கு மேல் ஏறிக்கொள்ளும். நமக்கு ‘கொ’ என்றால் மூன்று துண்டு, பக்கத்தில் பக்கத்தில். “அருள்மிகு ஸ்ரீ முத்துமாரியம்மன் திருக்கோவில் மகா கும்பாபிஷேகப் பெருவிழா” என்று கமிட்டிக்காரர்கள் எழுதிக்கொண்டு வருவார்கள்; பத்தடிக்கு நாலடி போர்டு; அதில் அம்மன் படம், கோபுரம் படம், நன்கொடையாளர்கள் தலை வேறு. கல்யாணப் பத்திரிகை என்றால் இன்னும் சிக்கல். “அண்ணே, பொண்ணு பேரு ரெண்டு வரியா உடையக் கூடாதுண்ணே, அபசகுனம்” என்பார்கள். பெயர் சிவகாமசுந்தரி, பின்னால் இரண்டு பட்டம்.

இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்தவரை ஒழுங்கான பதில் சொல்லும் ஃபாண்ட் அனேக் தமிழ். மும்பையைச் சேர்ந்த எக் டைப் என்ற எழுத்து வடிவமைப்புக் குழு செய்தது, 2022-இல் கூகுள் ஃபாண்ட்ஸில் வந்தது. பலூ தம்பி, முக்தா மலர் ஃபாண்ட்டுகள் எல்லாம் அவர்கள் வேலைதான். அனேக் குடும்பத்தில் ஒன்பது இந்திய எழுத்துகளும் ஆங்கிலமும் உண்டு. தமிழ் ஃபைலுக்குள்ளேயே ஆங்கில எழுத்தும் எண்களும் இருப்பதால் போன் நம்பருக்குத் தனி ஃபாண்ட் தேட வேண்டாம். இதன் முக்கியமான விஷயம், கனம் மாதிரியே அகலத்தையும் மாற்றலாம். நூறு என்பது இயல்பான அகலம் என்றால் 75 வரை ஒடுக்கலாம், 125 வரை விரிக்கலாம். கனம் 100-இலிருந்து 800 வரை. ஸ்லைடரை நகர்த்த நகர்த்த எழுத்து ஒடுங்கும், கோடு மெலியாது.

வித்தியாசம் தெரிய ‘ப’ ஒன்று போதும். இரண்டு நெட்டுக்கோடு, அடியில் ஒரு படுக்கைக்கோடு, அவ்வளவுதான் எழுத்து. போல்டில் ‘பெருவிழா’ அடித்து அகலத்தைப் பாதிக்கு அமுக்குங்கள். நெட்டுக்கோடு இரண்டும் பாதியாக மெலிந்துவிடும்; அடிக்கோடு மட்டும் பழைய பருமனிலேயே கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வரியின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதுதான் தெரியும், எழுத்து தெரியாது. அதே சொல்லை அனேக்கின் கண்டென்ஸ்டு போல்டில், அதாவது ஒடுங்கிய தடித்த வகையில், அடித்தால் நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன, ஏனென்றால் அந்த ஒடுக்கத்தை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். வட்டச் சுழிகள் கொஞ்சம் சதுரமாகி, மாத்திரை வடிவத்துக்கு வருகின்றன. ‘ண’வின் சுழிகளை அப்படிப் பார்க்க முதலில் கண் மறுக்கும். பிறகு பழகிவிடுகிறது, எனக்குப் பிடித்தும் போனது.

இடப் பிரச்சினை ஃபிளெக்ஸோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். தரங்கம்பாடிக்கு 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து அச்சு எந்திரமும் தமிழ் எழுத்துகளும் வந்தபோதே ஆரம்பித்த வழக்கு இது. ஹாலேயில் வார்த்த எழுத்து பெரிது, காகிதமோ தட்டுப்பாடு. சீகன்பால்கு பாதிரியாரின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அந்த அளவில் அடித்தால் காகிதம் எங்கே போதும்? பொறையாறில் சின்ன எழுத்தாக மறுபடி வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போனார்கள் தெரியுமா, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈய உறையை உருக்கினார்கள். 1715-இல் புத்தகம் முடிந்தது. காகிதத்துக்காகப் பொறையாறிலேயே ஒரு ஆலையும் வைத்தார்கள்.

ஈயத்துக்கு ஒரு நல்ல குணம், அதை அமுக்க முடியாது. எழுத்துகளை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கில் இடம் போதவில்லை என்றால் சின்ன அளவு எழுத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் வாசகத்தைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளரோடு மல்லுக்கட்ட வேண்டும். பழைய பத்திரிகைகளில் பெயர்கள் அளவாக, அழகாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த இயலாமைதான் என்பேன். கம்ப்யூட்டர் வந்ததும் பேஜ்மேக்கர், கோரல் மென்பொருள்கள், பாமினி ஃபாண்ட் என்று ஆரம்பித்தோம். அமுக்குவதற்கும் இழுப்பதற்கும் கட்டணம் கிடையாது என்று ஆனதும் ஊர் முழுக்க முட்டைப் புள்ளி.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எடுத்துக்கொண்டபோது பதின்மூன்று எழுத்துகள் மாறின. பழைய ‘லை’ யானைத் துதிக்கையோடு ஒரே எழுத்தாக நின்றது. இப்போது இரண்டு துண்டு. அச்சுக்கோப்பவருக்கு எழுத்துப் பெட்டியில் அறைகள் குறைந்தன, டைப்பிஸ்ட்டுக்கும் லாபம், நான் அதற்கு முழு ஆதரவு. ஆனால் ‘தலைமலை’ என்று ஒரு ஊர்ப்பெயரை அடித்துப் பார்த்தால் வரி எங்கே நீண்டது என்று தெரியும். ஒடுங்கிய எழுத்து நமக்கு அப்போதே தேவைப்பட்டது.

அனேக்கின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 75-க்குக் கீழே போகாது. போர்டு வேலைக்கு அது பல நேரம் போதவில்லை. இன்னொரு பத்துப் புள்ளி ஒடுங்கியிருந்தால் கோயில் கமிட்டிகள் எல்லாம் என் பக்கம் வந்திருக்கும். சாய்வெழுத்து கிடையாது. கேட்கிறவர்களுக்கு மென்பொருளே சாய்த்துத் தரும், அது பார்க்கச் சகிக்காது. நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். எக்ஸ்ட்ரா போல்டும் கண்டென்ஸ்டும் சேர்ந்தால் பெரிய எழுத்துக்கு மட்டுமே. மருந்துக்கடை லேபிள் அளவில் போட்டால் ‘ண’, ‘ஞ’ சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். விரிந்த 125 எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. தமிழில் இடம் மிச்சமாகி, நிரப்ப வழி தேடி யாராவது என்னிடம் வந்தால் அன்றைக்குப் பயன்படுத்துகிறேன்.

பக்கம் பக்கமாகப் படிக்கிற புத்தகத்துக்கும் இது வேண்டாம். அதற்கு நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி தடிப்பும் மெலிவும் உள்ள எழுத்துதான் கண்ணுக்கு இதம். சாதாரண நோட்டீசுக்கு முக்தா மலரோ, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரனோ இப்போதும் நான் விடவில்லை; அவை வட்டமாக, சத்தம் போடாமல் இருக்கும். அனேக் கொஞ்சம் அதட்டிப் பேசுகிற எழுத்து. கடைப் பலகை, தலைப்பு, பொட்டல உறை, விலைப்பட்டியல் இங்கெல்லாம் அதட்டல் நல்லதுதான். பட்டியல் இரண்டு பத்தியாக வரும்போது ‘வெங்காய ஊத்தப்பம்’, ‘காளான் பிரியாணி’ எல்லாம் விலையோடு ஒரே வரியில் அடங்குவது பெரிய நிம்மதி.

விலை பூஜ்ஜியம். திறந்த உரிமம், வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபாண்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஊர்பேர் தெரியாத சிடியிலிருந்து ஏற்றிய ஃபாண்ட்டுகளை வைத்துப் பிழைக்கும் நம் தொழிலில் இதையும் ஒரு நன்மையாகக் கணக்கில் எடுங்கள்.

அனேக் யூனிகோடு ஃபாண்ட், அதாவது போனிலும் இணையத்திலும் புழங்கும் பொதுக் குறியீட்டில் இயங்குவது; பாமினி பழைய தனிக் குறியீடு. பாமினியில் கை பழகியவர்கள் யூனிகோடு என்றதும் பின்வாங்குகிறார்கள். பின்வாங்க வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையையே தேர்ந்தெடுத்து யூனிகோடு அடிக்கலாம். வாடிக்கையாளர் வாசகத்தை இப்போது வாட்ஸ்ஆப்பில்தானே அனுப்புகிறார்? அது யூனிகோடாகவே வருகிறது. அப்படியே ஒட்டினால் போதும், திருப்பி அடிக்கும் வேலையும் அதில் விழும் பிழையும் மிச்சம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும், ஃபாண்ட்டைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

பழைய கோரல் வைத்திருந்தால் அகல ஸ்லைடர் வராது. இறக்குகிற ஜிப் ஃபைலுக்குள் ‘ஸ்டேட்டிக்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் ஐந்து அகலம், எட்டு கனம், ஆக 40 ஃபைல். எல்லாவற்றையும் ஏற்றினால் ஃபாண்ட் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். கண்டென்ஸ்டு, செமி கண்டென்ஸ்டு, இயல்பு மூன்றிலும் ரெகுலரும் போல்டும் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதத்துக்கு அந்த ஆறு போதும்.