24 முட்டை இன்குபேட்டர்: சூடு சரி, கணக்குதான் இடிக்கிறது

வீட்டில் நாலைந்து கோழி வைத்திருப்பவர்கள் அடுத்து வாங்க ஆசைப்படுவது மேசைமேல் வைக்கும் சின்ன இன்குபேட்டர். எத்தனை பெயரில் விற்றாலும் உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: அடியில் தண்ணீர் ஊற்றும் பள்ளங்கள், அதன்மேல் முட்டைத் தட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் மூடி, மூடியிலேயே பொருத்திய விசிறியும் சூடேற்றும் கம்பியும், முட்டையைத் தானாகத் திருப்ப ஒரு குட்டி மோட்டார். இங்கே எடுத்துக்கொண்டது 24 முட்டை பிடிக்கும் உருளைத்தட்டு வகை. பொரிக்கும் என்று சொல்லி விற்கிறார்கள், பொரிக்கிறது. ஆனால் நாலு கோழி போதும் என்று ஆரம்பித்த கொல்லையில் அடுத்த வருஷம் இருபது மேய்வதற்கும் இந்தப் பெட்டியே நேர்வழி. அதனால் சூட்டை மட்டும் பார்த்து மதிப்பெண் போட முடியாது.

முதலில் சூடு. விசிறி உள்ள கருவிக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். திரையில் 37.5 என்று வந்துவிட்டது என்பதற்காக உடனே முட்டையை அடுக்கக் கூடாது. சென்சார் மூடியில், விசிறிக்குப் பக்கத்தில் தொங்குகிறது; முட்டை கீழே கிடக்கிறது. இந்த ரகத்தில் திரைக்கும் முட்டை மட்டத்துக்கும் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை வித்தியாசம் சகஜம். ஒரு முழு நாள் வெறும் பெட்டியாக ஓட்டி, நம்பகமான தனி தெர்மாமீட்டரை முட்டை படுக்கும் உயரத்தில் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை அமைப்பில் ஈடுகட்ட வேண்டும். மூலைகள் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். உள்ளே கரு வளர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க முட்டையை வெளியே எடுக்கும்போது மூலையில் இருந்ததை நடுவுக்கும், நடுவில் இருந்ததை மூலைக்கும் மாற்றிவிட்டால் அது சரியாகிவிடும்.

சூடு தவறியிருந்தால் கடைசியில் குஞ்சே காட்டிக்கொடுத்துவிடும். 21ஆம் நாளுக்குப் பதில் 19, 20இலேயே அவசரமாக வெளிவந்து, தொப்புள் மூடாமல் சிவந்திருந்தால் சூடு அதிகம். 22, 23 வரை இழுத்து, வயிறு பெருத்துத் தள்ளாடினால் சூடு குறைவு. அடுத்த அடைக்கு எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ஈரப்பத விஷயத்தில் கருவி சுமார்தான். திரையில் ஏதோ ஒரு சதவீத எண் ஓடிக்கொண்டிருக்கும்; அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம். முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், பிறகு 65 முதல் 70 என்பது பொது விதி. இரண்டு பள்ளங்களில் ஒன்றில் மட்டும் தண்ணீர் விட்டால் முதல் கட்டத்துக்குப் போதும், கடைசி மூன்று நாளுக்கு இரண்டையும் நிரப்ப வேண்டும். உண்மை நிலவரம் தெரிய சமையலறைத் தராசு போதும். முட்டை 18 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 13 சதவீதம் இழக்க வேண்டும். 60 கிராம் முட்டை ஏழாம் நாள் 57 கிராமுக்கும், 18ஆம் நாள் 52 கிராமுக்கும் பக்கத்தில் வந்தால் ஈரம் சரி. எடை குறையவே இல்லையென்றால் உள்ளே காற்றறை விரியாது. குஞ்சு அலகால் குத்தும் நேரத்தில் ஈரத்திலேயே மூச்சுமுட்டும். அதிகமாகக் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் விட ஒரு துளை வைத்திருப்பது இந்த வகையின் உருப்படியான வசதி. வெதுவெதுப்பான தண்ணீராக விட வேண்டும்; குளிர்ந்த தண்ணீர் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும்.

திருப்பும் மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உருளைகளின் இடைவெளி நடுத்தர முட்டைக்கு அளவெடுத்தது. பெரிய முட்டைகள் ஒன்றையொன்று உரசி நின்றுவிடும், சிறு ரகக் கோழியின் முட்டை உருளை மட்டும் சுற்ற, தான் வழுக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் கோடு போட்டால் காலையிலும் மாலையிலும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கோடு நகராத முட்டையைக் கையால் திருப்பிவிட வேண்டியதுதான். 18ஆம் நாள் உருளைத்தட்டை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான வலை விரிப்பைப் போட வேண்டும். இதைச் சில கையேடுகள் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன, ஆனால் விட்டால் வினை: உருளை இடுக்கில் கால் மாட்டும், வழவழப்பான தரையில் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துபோகும்.

மின்சாரம் போனால் பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் மேலே கனமான துணியைப் போர்த்தி, காற்றுத் துளையை மட்டும் அடைக்காமல் விட்டால் ஓரிரு மணி நேரம் தாங்கும். பொரிக்கிற நாளில் மூடியைத் திறக்கவே கூடாது. முதல் ஓட்டை விழுந்ததிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். வந்த குஞ்சுக்கு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், தீனி வைக்க அவசரமே இல்லை.

இதுவரை கருவிக்குத் தாராளமாகவே மதிப்பெண் போடலாம். இனிமேல்தான் கணக்கு.

இந்தப் பெட்டியில் 12 முட்டை வைத்தாலும் 24 வைத்தாலும் கருவிக்கு ஒன்றுதான், சூடு மாறாது. ஆனால் காலிக் குழி கண்ணை உறுத்தும். எத்தனை பொரிக்குமோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ள, எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறார்கள். 24இல் ஏழாம் நாள் டார்ச் அடித்து மூன்று நாலு கூமுட்டையை எடுத்துப்போட்டு, பிறகு ஓரிரண்டு பாதியில் நின்றுபோனாலும், சுமாரான கையாளுதலிலேயே 16 குஞ்சு வந்துவிடும். அதில் பாதி சேவல். முட்டையின் கூர்மையை வைத்துச் சேவல் பெட்டை சொல்வது, சூட்டை மாற்றிப் பெட்டையாக்குவது எல்லாம் வெறும் பேச்சு. கருவில் பாலினம் முட்டை இடும் முன்பே முடிவாகிவிட்டது.

சந்தேகத்தைப் போக்க எளிய வழி சமையலறையிலேயே இருக்கிறது. அதே கோழிகளின் முட்டையைச் சமையலுக்கு உடைக்கும்போது மஞ்சள்கருவின் மேலுள்ள வெள்ளைப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கருக்கூடிய முட்டையில் அது வட்டத்துக்குள் வட்டமாக, ஓரம் தெளிவாக இருக்கும். கூடாததில் சின்னதாக, ஓரம் பிசிறிய வெள்ளைப் பொட்டாக இருக்கும். பத்து முட்டை உடைத்து ஒன்பதில் வளையம் தெரிந்தால் 24 குழியையும் நிரப்பக் காரணமே இல்லை. வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக, கழுவாததாக, குளிர்ந்த இடத்தில் அகன்ற முனை மேலாக வைத்ததாக இருந்தால் போதும்.

நாலு பெட்டை வேண்டுமென்றால் 12 முட்டை. எட்டுக் குஞ்சு வந்தால் அதில் நாலோ அதற்கு மேலோ பெட்டையாக இருக்க ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு. குறைந்தது மூன்று பெட்டையாவது இருக்க 85 சதவீதம். இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் இன்குபேட்டர் உங்களுக்கான வழி இல்லை, பாலினம் பிரித்து விற்கும் ஒருநாள் குஞ்சையோ முட்டைக்கு வரப்போகிற விடைக்கோழியையோ வாங்கிக்கொள்வதே மேல். அதை விட்டுவிட்டு நாலு பெட்டைக்காக 24 வைப்பது எட்டுச் சேவலை வளர்ப்பதற்குச் சமம்.

இன்னொரு பழக்கம், ஏழாம் நாள் காலியான குழிகளில் புது முட்டை போடுவது. இது கெடுதல். முதல் தொகுதிக்கு 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரத்தை ஏற்ற வேண்டிய நேரத்தில் இரண்டாவது தொகுதிக்கு 11ஆம் நாள்தான் ஆகியிருக்கும். அதற்குத் திருப்பல் வேண்டும், ஈரம் குறைவாக வேண்டும். யாருக்கு ஏற்ப வைத்தாலும் மற்றதற்கு நஷ்டம். அப்படியும் தப்பிப் பிழைத்து வருபவை கூட்டத்தில் வேறு வயதுக் குஞ்சுகளாகச் சேர்ந்து, தனி அறை கேட்கும்.

எண்ணிக்கை ஏறுவதற்குப் பெரிய காரணம், ஒரு தேவையைத் தீர்க்கப் போய் அடுத்த தேவை முளைப்பது. ஒரே ஒரு குஞ்சு மட்டும் பொரித்தால் அதைத் தனியாக வளர்க்க முடியாது, கத்திக்கொண்டே இருக்கும். துணைக்கு இரண்டு மூன்று வாங்க வேண்டும். வளர்ந்த கூட்டத்தில் ஒன்று செத்தாலும் இதே கதைதான். தனியாக ஒன்றை உள்ளே விட்டால் மற்றவை கொத்திக் குதறும் என்பதால் இரண்டாகவே விட வேண்டியிருக்கிறது. சேவல் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை இருந்தால்தான் பெட்டைகளின் முதுகு தப்பும். அழகாக இருக்கிறதே என்று இரண்டாவது சேவலை வைத்துக்கொள்கிறார்கள், பெட்டைகளுக்கு முதுகில் இறகு போகிறது, விகிதத்தைச் சரிசெய்ய மறுபடி முட்டை வைக்கிறார்கள். அதிலும் பாதி சேவல்! சேவலை அப்புறப்படுத்தியதும் கருக்கூடுவது நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பெட்டையின் உடலில் விந்து தங்கி இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், கருக்கூடிய முட்டை வரும்.

பெட்டியின் விளம்பரத்தில் சொல்லாமல் விடுவது, பொரித்த பிறகு ஆகும் இடம். முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதல் மாதம் தலைக்கு அரைச் சதுர அடி, அடுத்த மாதம் ஒரு சதுர அடி. 16 குஞ்சுக்கு அட்டைப்பெட்டி இரண்டு வாரத்துக்கு மேல் உதவாது. வளர்ந்தபின் கூண்டுக்குள் தலைக்கு நாலு சதுர அடி, வெளியே மேய எட்டு முதல் பத்துச் சதுர அடி, அடைகம்பில் தலைக்கு எட்டு முதல் பத்து அங்குலம், நாலைந்து பெட்டைக்கு முட்டையிட ஒரு கூடு. நாலு கோழிக்குக் கட்டிய 16 சதுர அடிக் கூண்டில் இன்னும் எட்டை அடைத்தால் முதலில் தெரிவது மூக்கைத் துளைக்கும் அம்மோனியா, அப்புறம் வால்பக்கம் கொத்தல், அப்புறம் குஞ்சுகளிடம் ரத்தக்கழிச்சல். தீனியும் அப்படித்தான். வளர்ந்த கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். நாலு கோழிக்கு அரைக் கிலோ ஆனது, 16க்கு இரண்டு கிலோவைத் தொடும். முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுக்கும் போட்டுச் சமாளிக்கவும் முடியாது, அதிலுள்ள கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சேவல்களை எப்போது பிரிப்பது என்பதைக் கருவி வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டை சிவந்து தடிப்பதை வைத்து ஓரளவு தெரியும். 12 வாரத்தை ஒட்டி வால் தொடங்கும் இடத்தில் கூரான, தொங்கும் இறகு முளைத்தால் சந்தேகமே இல்லை. அதற்கு முன் அடுத்த அடை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வைப்பதுதான். குறைந்தது 12 வாரம் பெட்டியைப் பரணில் போட்டு வைக்கலாம்.

சரி, வாங்கலாமா? ஏற்கெனவே பத்துப் பெட்டை வைத்திருந்து, வருஷத்துக்கு ஒரு முறை கூட்டத்தைப் புதுப்பிப்பவருக்கும், சேவல்களை இறைச்சிக்கு எடுப்பவருக்கும் 24 முட்டைப் பெட்டி நல்ல பொருள். நாலைந்தோடு நிறுத்த நினைப்பவருக்கு 12 முட்டை மாடல் போதும். ஏழு, எட்டு முட்டை மட்டும் பிடிக்கும் குட்டிப் பெட்டிகளைப் பரிந்துரைக்க மாட்டோம். உள்ளே காற்று கொஞ்சம்தான் என்பதால் மூடியைத் தூக்கினாலே சூடு சரிந்துவிடுகிறது. வீட்டில் அடைக்கோழி இருந்தால் எதுவுமே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு முட்டையை அவளே சூடு பார்த்து, திருப்பி, பொரித்து, வளர்த்தும் கொடுப்பாள்.

பொரித்து முடித்ததும் அன்றைக்கே மின்சாரத்தைத் துண்டித்துக் கழுவ வேண்டும். காய்ந்துபோன ஓட்டுச் சவ்வும் எச்சமும் மறுநாள் சுரண்டினாலும் போகாது. அடிப்பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நீர்த்த ப்ளீச்சில் துடைத்துக் காயவைக்கலாம். மூடியை மட்டும் தண்ணீரில் முக்கக் கூடாது. விசிறி இதழில் ஒட்டிய குஞ்சுப் பஞ்சை ஈரத்துணியால் எடுத்தால் போதும். பஞ்சு சேர்ந்த விசிறி அடுத்த முறை மெதுவாகச் சுற்றும், மூலைகள் இன்னும் குளிரும். வாங்கும்போதே சென்சார், விசிறி, திருப்பும் மோட்டார் மூன்றும் தனி உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடியோடு சேர்த்து ஒட்டிவிட்ட மாடலில் விசிறி நின்றால் மூடியையே மாற்ற வேண்டிவரும்.